லினக்ஸுக்கும் வீட்டு நாஸ் பெட்டிக்கும் ஒத்துவராதா?

4 மே 2024, காலை. ஏற்காட்டிலிருந்து வந்த கேள்வி

அக்கா, எங்கள் எஸ்டேட் ஆபீஸில் இரண்டு டிஸ்க் போடும் பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டரும் ஃபைல் வைக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. அப்பாவின் காப்பி, மிளகுக் கணக்கு, பத்து வருஷப் போட்டோ எல்லாம் அதில்தான். போன வாரம் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன். பெட்டிக்கு பிங் போகிறது, கூப்பிட்டால் பதில் வருகிறது. பச்சை விளக்கு எரிகிறது. அப்பாவின் விண்டோஸ் 7 லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கிறது. மின்ட்டில் மவுண்ட் செய்தால் (பெட்டியின் ஃபோல்டரைக் கம்ப்யூட்டரின் ஒரு ஃபோல்டரில் இணைத்தால்) மட்டும் 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்கிறது. இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டேன். லினக்ஸுக்கும் நாஸுக்கும் ஒத்துவராது என்பதுதான் என் முடிவு. இல்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள்.

4 மே, இரவு

தம்பி, முடிவை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அந்த 'ஹோஸ்ட் இஸ் டவுன்' பச்சைப் பொய். பெட்டி முழித்துக்கொண்டுதான் இருக்கிறது, பேச்சுதான் புரியவில்லை. அந்த வரியில் 112 என்று ஓர் எண் இருக்கும் பாருங்கள். இருந்தால் அநேகமாக இதுதான் காரணம்: நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வதற்கான பேச்சுக்கு எஸ்எம்பி என்று பெயர், உங்கள் பெட்டி எஸ்எம்பி 1 என்ற பழைய பேச்சு மட்டும் பேசுகிறது. 2017-இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.13-லிருந்து, நாமாகச் சொன்னால் ஒழிய லினக்ஸ் அந்தப் பேச்சை எடுக்காது. புதுப் பேச்சில் கூப்பிடும், பதில் வராது, 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடும். விண்டோஸ் 7-க்கு இரண்டு பேச்சும் தெரியும். அதனால்தான் உங்கள் அப்பா லேப்டாப் ஒன்றும் சொல்லாமல் திறக்கிறது.

டெர்மினலில் டி-எம்-இ-எஸ்-ஜி என்று தட்டிக் கடைசி நாலு வரியைப் படியுங்கள். பழைய சர்வர் என்றால் வெர்ஸ்=1.0 கொடு என்று கெர்னல் அங்கே நீளமாக எழுதி வைத்திருக்கும். திரையில் காட்டுவது ஒன்று, உள்ளே எழுதி வைப்பது ஒன்று. இந்தக் குணம் எனக்கும் பிடிக்காது.

மவுண்ட் கட்டளையில் அந்த வெர்ஸ்=1.0-ஐச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் அப்பாவும் இதைப் படிக்கிறார் என்றீர்கள், அதனால் எல்லாவற்றையும் தமிழெழுத்திலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

5 மே

திறந்துவிட்டதாம். ஆனால் பார்க்க முடிகிறது, எழுத முடியவில்லையாம்.

சூடோ போட்டு மவுண்ட் செய்ததால் உள்ளே இருப்பதெல்லாம் ரூட்டின், அதாவது கம்ப்யூட்டர் நிர்வாகியின், சொத்தாகிவிட்டது. யூஐடி=1000, ஜிஐடி=1000 இரண்டையும் சேர்த்துவிடுங்கள். மின்ட் போடும்போது முதலில் உருவாக்கிய ஆளுக்கு அந்த 1000-தான் எண். சந்தேகம் இருந்தால் ஐடி என்று மட்டும் தட்டுங்கள், காட்டிவிடும். பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதாதீர்கள். தனி ஃபைலில் யூசர்நேம் ஒரு வரி, பாஸ்வேர்டு ஒரு வரி எழுதி, மற்றவர்கள் படிக்க முடியாதபடி சிஹெச்மாட் 600 கொடுத்துவிட்டு, கிரெடென்ஷியல்ஸ்= என்று அந்த ஃபைலின் பாதையைக் காட்டுங்கள். சமன் குறிக்கு இரு பக்கமும் இடம் விடாதீர்கள்.

6 மே

நேற்று முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வெர்ஸ்=1.0 என்று நான் சொன்னது அவசரக்குடுக்கை வேலை. அதை வாபஸ் வாங்குகிறேன்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். லினக்ஸில் எஸ்எம்பி பேசும் நிரலான சாம்பா, 2019 செப்டம்பரில் வந்த அதன் 4.11-ம் எஸ்எம்பி 1-ஐத் தானாகப் பேசுவதை நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் விண்டோஸ் 7 வேறு ஓடுகிறது. அதற்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றுபோனது. பழைய பூட்டு, பழைய கதவு இரண்டும் ஒரே வீட்டில். நான் போய் ஜன்னலையும் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ப்ரவுசரில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், ஃபைல் சேவை அமைப்பில் 'அதிகபட்ச எஸ்எம்பி' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல பெட்டிகளில் புதுப் பேச்சும் தெரியும், யாரும் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள்.

6 மே, மதியம்

இருந்ததாம். எஸ்எம்பி 1-இல் நின்றிருந்ததாம். 3-க்கு மாற்றிவிட்டு வெர்ஸ் பகுதியையே எடுத்துவிட்டார், திறக்கிறது. அப்பாவின் லேப்டாப்பும் திறக்கிறது. சரி, இந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

11 மே

முடியவில்லை. இன்றைக்கு என் கதை.

தம்பி கேட்டது இது: ஒவ்வொரு தடவையும் கட்டளை தட்ட முடியாது, கம்ப்யூட்டர் தானாக மவுண்ட் செய்ய வேண்டியதை எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதிவிடவா? எழுதலாம். ஆனால் நான் எழுதிவிட்டு ஒரு நாள் அழுத கதையைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சேலம் அம்மாப்பேட்டையில் எனக்கு அழைப்பிதழ் டிசைன் கடை. ஒரு நாள் காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும், நாஸ் பெட்டி எழ மூன்று நிமிடம் ஆகும். கம்ப்யூட்டர் எழுந்து, பெட்டியைத் தேடி, இல்லை என்றதும் மவுண்ட் செய்யாமலே கிளம்பிவிட்டது. எனக்கு அது தெரியாது. நான் வழக்கம்போல அதே ஃபோல்டருக்குள் போய், காலியாக இருப்பதைக்கூடக் கவனிக்காமல், அன்றைக்கு முழுக்கச் செய்த ஒன்பது ப்ரூஃபையும் அங்கேயே சேமித்தேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் போட்டபோது பெட்டி விழித்திருந்தது. மவுண்ட் ஆனது. பழைய ஃபைல் எல்லாம் இருக்கிறது, முந்தைய நாளின் ஒன்பதையும் காணோம். வாசலில் பிரஸ்காரர் பைக்கை நிறுத்திவிட்டு 'அக்கா, பிளேட் போடணும்' என்று நிற்கிறார்.

ஒன்றும் தொலையவில்லை என்று மதியம்தான் புரிந்தது. மவுண்ட் ஆகும் இடமும் சாதாரண ஃபோல்டர்தான். மேலே நாஸ் வந்து உட்கார்ந்ததும் அடியில் இருப்பது மறைந்துவிடும், பாய்க்கு அடியில் வைத்த சாவி மாதிரி. யூமவுண்ட் செய்து நாஸைக் கழற்றினேன், ஒன்பதும் அங்கே இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் இரண்டும். அப்போது கம்ப்யூட்டர் எழும்போதே பெட்டியைத் தேடாது, நாம் ஃபோல்டரைத் தொடும்போதுதான் தேடும். இன்னொன்று, நாஸை யூமவுண்ட் செய்த நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஏடிடிஆர் கட்டளையை '+ஐ' (கூட்டல் குறி, ஒட்டி ஆங்கில எழுத்து ஐ) சேர்த்துக் கொடுத்துவிடுவது. அப்புறம் நாஸ் மேலே உட்காராத நேரத்தில் ரூட்டே வந்தாலும் அதில் எதுவும் எழுத முடியாது. எழுதப் போனால் திட்டும். அந்தத் திட்டுதான் எனக்கு வேண்டும்.

இதோடு _நெட்டெவ் என்பதையும் கண்டிப்பாகச் சேருங்கள்.

12 மே

அந்தக் 'கண்டிப்பாக' தேவையில்லை. ஃபைல்சிஸ்டம் வகை சிஐஎஃப்எஸ் (எஸ்எம்பிக்கு அங்கே அந்தப் பெயர்தான்) என்று எழுதியிருந்தாலே இது நெட்வொர்க் சமாச்சாரம் என்று, லினக்ஸை எழுப்பி ஓட்டும் சிஸ்டம்டி புரிந்துகொள்ளும். எழுதினாலும் கெடுதல் இல்லை. பழைய பழக்கம், கை தானாக எழுதிவிடுகிறது.

ஷேரின் பெயரில் இடைவெளி இருக்கிறது, எஃப்எஸ்டேப் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். இடைவெளி வரும் இடத்தில் பின்சாய்கோடும் 040-ம். மேற்கோள் குறி போட்டால் வேலை செய்யாது.

அப்புறம், 'ஃபைல் மேனேஜரில் சொடுக்கித் திறந்தாலே போதுமே, இந்த எஃப்எஸ்டேப் எல்லாம் எதற்கு' என்று அப்பா கேட்டாராம். ஐயா கேட்டது நல்ல கேள்வி. பார்ப்பதற்கு அது போதும். ஆனால் அப்படித் திறப்பது உங்கள் பெயரில், ஜிவிஎஃப்எஸ் என்ற ஒரு மறைவிடத்தில் போய்த் தொங்கும். நீங்கள் லாகின் செய்தால்தான் இருக்கும். ராத்திரி தானாக ஓடும் பேக்கப்புக்கு அது கண்ணிலேயே படாது.

19 மே

'எல்லாம் சரி, ஆனால் ஆமை.' 40 ஜிபி போட்டோ ஏற்ற ஒரு மணி நேரம் ஆனதாம். லினக்ஸ் மேல் பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்குகிறது.

நொடிக்கு எத்தனை எம்பி என்று கேட்டேன். 11 என்றார். இந்த எண்ணைக் கேட்டதும் லினக்ஸை மறந்துவிட்டு கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5, தரகு போக 11 சில்லறை. ஜிகாபிட்டாக இருந்தால் 110 வரை போக வேண்டும். சரியாக 11-இல் நிற்கிறதென்றால் நடுவில் ஏதோ ஒன்று 100-இல் பேசுகிறது. எத்டூல் போட்டு ஈத்தர்நெட் போர்ட்டின் பெயரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்பீடு 100.

ஆபீஸுக்கும் பெட்டி இருக்கும் ஸ்டோருக்கும் நடுவே கேபிள் வெளியே மரத்தோரமாகப் போகிறதாம். குரங்கு கடித்திருக்கும் என்பது என் கணிப்பு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

26 மே

குரங்கு நிரபராதி.

ஞாயிற்றுக்கிழமை மே மாதத்தில் மலைக்குப் போவது புத்திசாலித்தனம் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை. கேபிள் முனை மாட்டும் கிரிம்பிங் டூலும் தட்டுவடை செட்டுமாகப் போய்ச் சேர்ந்தபோது தட்டுவடை நமுத்துப்போயிருந்தது, சட்னி மட்டும் தப்பித்தது.

கேபிளை முழுக்கத் தடவிப் பார்த்தோம், ஒரு பல்தடம் இல்லை. ஸ்டோரில் பெட்டிக்குப் போகும் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருக்க வேண்டும், முனையில் நாலுதான் இருந்தது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பழுப்பும் எங்கே என்று பார்த்தால், உறையைக் கிழித்து அந்த இரண்டு ஜோடியையும் தனியாக இழுத்து கேமராவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேமரா மாட்டியவர் ஒரு கேபிள் காசை மிச்சப்படுத்தியிருக்கிறார். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். பாவம், இரண்டு பக்கமும் எதுவும் சொல்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கேமராவுக்குத் தனிக் கேபிள் இழுத்து, இரண்டு முனையும் புதிதாகக் கிரிம்ப் செய்தோம். இப்போது 70 எம்பி வருகிறது. 110 வராதா என்கிறார். பெட்டி பழசு தம்பி, அதன் மூச்சு அவ்வளவுதான். திரும்பும்போது அவர் அம்மா அரைக் கிலோ மிளகு கட்டிக்கொடுத்தார். கேபிள் வேலைக்கு நல்ல கூலி.

2 ஜூன்

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 'லினக்ஸ் என்றால் என்எஃப்எஸ்தான், எஸ்எம்பி எல்லாம் விண்டோஸ்காரர்களுக்கு' என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். என்எஃப்எஸும் ஃபைல் பகிரும் இன்னொரு பேச்சுதான். வம்சம் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். என்எஃப்எஸ் 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது, யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. எஸ்எம்பியை லினக்ஸுக்குக் கொண்டுவந்த சாம்பா, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடித்தான் சாம்பா என்ற பெயரையே பிடித்தார். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், விஷயத்துக்குச் சம்பந்தமில்லை.

நானும் ஒரு வாரம் என்எஃப்எஸ் ஓட்டிப் பார்த்தவள். சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தால் வேகம் தெரிகிறது. ஆனால் வழக்கமான அமைப்பில் அது பாஸ்வேர்டு கேட்காது. எந்த மெஷினிலிருந்து வருகிறாய், உன் எண் என்ன என்றுதான் பார்க்கும். என் கம்ப்யூட்டரில் நான் 1000, பெட்டியில் வேறு எண். என் ஃபைலையே எனக்குக் காட்ட மறுத்தது. அப்புறம் கரண்ட் போய்ப் பெட்டி அணைந்த நேரத்தில், ஃபோல்டரைத் தொட்ட ஒவ்வொரு ஜன்னலும் உறைந்து நின்றது. ஹார்டு மவுண்ட் என்றால் சர்வர் திரும்பும்வரை காத்திருக்கும், அது அதன் தர்மம். சாஃப்ட் என்று மாற்றலாம், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் போனால் ஃபைல் அரைகுறையாகும்.

வீட்டில் விண்டோஸ் லேப்டாப், டிவி, போன் எல்லாம் இருந்தால் எஸ்எம்பியே போதும்.

9 ஜூன்

இதைத் தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். 

என் ஆர்டர் ஃபோல்டர்கள் ஏரியா பெயரில் இருக்கும். போன மாதம் பார்த்தால் கோரிமேடு இரண்டு. கொண்டலாம்பட்டி இரண்டு. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாது, ஆனால் இருக்கிறது. கோரிமேடு என்று தேடினால் ஒன்றுதான் வருகிறது. அஸ்தம்பட்டி ஒன்று, சூரமங்கலம் ஒன்று, செவ்வாய்ப்பேட்டை ஒன்று. ஐந்து ரோடு மறுபடி இரண்டு! பெட்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று டிஸ்க் சோதனை எல்லாம் ஓட்டினேன்.

ராத்திரி படுத்திருக்கும்போதுதான் பொறி தட்டியது. இரட்டையான பெயரில் எல்லாம் 'ஒ' அல்லது 'ஓ' சேர்ந்த எழுத்து இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் உண்டு, ஆனால் கொம்பும் காலும் சேர்ந்து வரவில்லை. 'கோ' என்பதை யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடு) இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, இல்லாவிட்டால் ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று பிரித்து. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

பிரித்து எழுதியது யார்? எனக்கு டிசைன் அனுப்பும் ஒருவர் மேக் வைத்திருக்கிறார். அங்கே ஃபைல் பெயரைப் பிரித்து வைக்கும் வழக்கம் எச்எஃப்எஸ் ப்ளஸ் என்ற பழைய மேக் டிஸ்க் அமைப்பின் காலத்திலிருந்தே உண்டு. அவர் ஜிப் செய்து அனுப்புவார், நான் இங்கே ஜிப்பைத் திறந்து நாஸில் போடுவேன். என் தமிழ்99 விசைப்பலகை சேர்த்து எழுதும். ஆக, கோரிமேடு இரண்டு.

மருந்து கன்வ்எம்வி என்ற சின்ன நிரல். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து --என்எஃப்சி சேர்த்தால் பிரிந்ததை ஒட்டிவிடும். முதல் தடவை என்ன செய்யப் போகிறது என்று காட்டும், அவ்வளவுதான். --நோடெஸ்ட் கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். இரட்டை ஃபோல்டர் இருக்கும் இடத்தில் முதலில் நீங்களே ஒன்றை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

16 ஜூன்

பெயர் தொடர்பாகவே இன்னொன்று. நீளம். ஃபைல் பெயர் 255 பைட் வரை போகலாம், ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியும், புள்ளி உட்பட, மூன்று பைட். கொண்டலாம்பட்டி நமக்கு எட்டெழுத்து, பெட்டிக்கு 42 பைட். பிரித்து எழுதினால் 45. ஸ்ரீ ஒன்றே 12. நாஸில் ஃபோல்டரைப் பூட்டிவைக்கும் வசதி எக்கிரிப்ட்எஃப்எஸ் முறையில் இருந்தால் வரம்பு 143 பைட்டாகக் குறைந்துவிடும், அதாவது 47 குறி. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, மண்டபம், தேதி என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. பூட்டிய ஃபோல்டரில் பெயரைச் சுருக்கக் கற்றுக்கொண்டேன்.

22 செப்டம்பர்

மூன்று மாசம் சத்தமில்லை. இன்று காலை தம்பியிடமிருந்து போன். நேற்று சாயங்காலம் மழையோடு இடி, ரவுட்டரும் நாஸும் ஒரே நேரத்தில் போய்விட்டன. பெட்டியில் விளக்கே இல்லை. வெளியே போகும் அந்தக் கேபிள் வழியாகத்தான் வந்திருக்கும் என்கிறார். இருக்கலாம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் வெட்டவெளியில் போவதை மே மாதமே நான் பார்த்தேன், எட்டுக் கம்பியைத்தான் எண்ணினேன், இதைச் சொல்லவில்லை. அங்கே செம்புக்குப் பதில் ஃபைபர் போடச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு.

டிஸ்கைக் கழற்றி அப்பாவின் விண்டோஸ் லேப்டாப்பில் செருகிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று கத்தினேன். 'இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, செய்யட்டுமா' என்று அது கேட்கும், யாராவது ஆம் கொடுத்துவிடுவார்கள்.

24 செப்டம்பர்

டிஸ்கை வெளியே செருகும் யூஎஸ்பி டாக் ஒன்று வாங்கி, இரண்டு டிஸ்கில் ஒன்றை மட்டும் மின்ட் கம்ப்யூட்டரில் செருகச் சொன்னேன். இரண்டும் ஒன்றின் நகல்தான், இரண்டாவதைத் தொடாமல் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாயிற்று. டிஸ்க் பட்டியல் காட்டும் எல்எஸ்பிஎல்கே போட்டதும் சின்னப் பாகம் இரண்டு, பெரியது ஒன்று, பெரியதன் கீழே எம்டி127, ஜோடி டிஸ்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயர். ஜோடி இல்லாததால் தூங்கிக்கொண்டிருந்தது. எம்டிஏடிஎம் --ரன் கொடுத்து எழுப்பி, படிக்க மட்டும் என்று ஆர்ஓ போட்டு மவுண்ட் செய்தார். உள்ளே இருந்தது எக்ஸ்ட்4, லினக்ஸின் சொந்த டிஸ்க் அமைப்பு. போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். காப்பிக் கணக்கு, மிளகுக் கணக்கு, 2014 முதல் போட்டோ என்று ஒவ்வொன்றாக அவர் படிக்கப் படிக்க, பின்னால் அவர் அம்மா 'நெசமாவா' என்று கேட்டுக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது.

உடனே வேறு டிஸ்குக்கு ஆர்சிங்க் போட்டு எல்லாவற்றையும் நகலெடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். இரண்டு டிஸ்க் இருந்ததே பேக்கப் என்று நினைத்திருந்தார்கள். ஒரே பெட்டி, ஒரே இடி.

25 செப்டம்பர்

அப்பா கேட்ட கேள்வியைத் தம்பி அப்படியே அனுப்பியிருக்கிறார்: 'அப்ப அந்தப் பெட்டிக்குள்ளயும் லினக்ஸ்தான் இருந்துச்சா?'

ஆமாங்க ஐயா. வாங்கின நாளிலிருந்து.